பழைய பிக்கப் வண்டி: ஓடோமீட்டர் எண்ணாத கணக்கு

பழைய கார் வாங்குவது எப்படி என்று தமிழில் எழுதியவர்கள் நிறையப் பேர். பழைய சரக்கு வண்டி பற்றித் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் விற்பவர்களின் வீடியோக்கள்தான். "சிங்கிள் ஓனர், எஃப்சி கரண்ட், நாலும் புது டயர், வண்டி பக்கா" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் தப்பான வண்டி அதிகமாக வலிப்பது இங்கேதான். கார் வழியில் நின்றால் ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்விடலாம். வாடகைக்கு ஓடும் பிக்கப் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை, மெக்கானிக் செலவு தனி, தேதி வந்தால் டியூ கட்டியே ஆகணும். நாலைந்து மாதம் இப்படியே போனால் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

என் சித்தி மகன் காய்கறி லோடு அடிப்பதற்காக ஒரு பழைய பிக்கப் தேடினான். வீட்டு நகையை அடகு வைத்த பணம் முன்பணம், மீதி கடன். "அண்ணே, நீங்க இன்ஜினியர்தானே, கூட வந்து பாருங்க" என்றான். நான் பார்ப்பது மென்பொருள் வேலை, டீசல் இன்ஜினை என்னை நம்பிப் பிரிக்க முடியாது. ஆனால் படிக்கலாம், நாலு மெக்கானிக்கிடம் உட்கார்ந்து கேட்கலாம். அப்படிச் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வண்டி நல்லது?" என்றுதான். டாடா ஏஸ் 2005-ல் வந்தது, 702 சிசி, இரண்டே சிலிண்டர். வடக்கே சோட்டா ஹாத்தி, நம்ம ஊரில் குட்டி யானை. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் ஓசூரிலிருந்து வந்தது. மஹிந்திரா பொலேரோ பிக்கப்புக்கென்று தனியாக ஒரு கூட்டம் உண்டு, வேறு எதையும் வண்டி என்றே ஒத்துக்கொள்ளாத கூட்டம். புது வண்டி வாங்குபவருக்கு இந்த விவாதம் உதவும். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டிக்கு இது அவ்வளவாக உதவாது. ஒரே மாடலில், ஒரே வருஷத்தில் வந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு மாடல்களுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாகிவிடும் என்பது என் கணிப்பு. ஒன்று முட்டை ஏற்றியிருக்கும், இன்னொன்று ஜல்லி ஏற்றியிருக்கும்.

பிரிட்டனில் ஒரு வசதி இருக்கிறது. எந்த வண்டியின் பதிவு எண்ணைப் போட்டாலும், 2005 முதல் அது வருடாந்திரச் சோதனைக்குப் போன ஒவ்வொரு முறையும் மீட்டரில் எவ்வளவு இருந்தது, எதில் தோற்றது என்று அரசாங்க இணையதளம் இலவசமாகக் காட்டிவிடும். நம்மிடம் வாகன் தளமும் எம்-பரிவாகன் செயலியும் இருக்கின்றன. பதிவு தேதி, எஃப்சி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். கிலோமீட்டர் மட்டும் தெரியாது. அதற்கு விற்பவர் சொல்லும் ரீடிங்கைத்தான் நம்பணும்.

அந்த ரீடிங்கை மாற்றுவது சுலபம் என்பது ஊருக்கே தெரியும். பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் அது ஒரு சின்ன நினைவகச் சில்லில் எழுதிவைத்த எண், எழுத முடிந்ததைத் திருத்தி எழுதவும் முடியும். ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறு. ரீடிங் நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருந்தாலும், சரக்கு வண்டி விஷயத்தில் அது தப்பான அளவு.

பளுவும் ஆயுளும்

உருளும் பேரிங்குகளின் ஆயுளைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 1947-ல் ஸ்வீடனில் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் உருவாக்கிய கோட்பாட்டிலிருந்து வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அடிப்படை அதுதான். பேரிங்கின் ஆயுள் அதன் மேல் விழும் பளுவுக்கு நேர்மாறாகக் குறையும், அதுவும் அடுக்கு போட்டுக் குறையும். குண்டு வைத்த பேரிங் என்றால் மூன்றாம் அடுக்கு, உருளை வைத்ததென்றால் பத்தின் கீழ் மூன்று, அதாவது 3.33.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திடுக்கென்றது. உருளை பேரிங் மேல் பளு கால் பங்கு கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. ஒன்றரை மடங்கு ஆனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இரண்டு மடங்கு என்றால் பத்தில் ஒரு பங்கு. பின் அச்சில் ஒன்றரை மடங்கு பளுவோடு 50 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் ஹப் பேரிங், சரியான லோடோடு ஏறக்குறைய 2 லட்சம் ஓடிய வண்டியின் பேரிங்குக்குச் சமம். மீட்டரில் மட்டும் 50 ஆயிரம் என்றே இருக்கும், அதுவும் பொய்யில்லாமல்.

பேரிங் ஒரு உதாரணம்தான். இரும்பு களைத்துப்போவதும் இதே மாதிரி. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே இன்ஜினியர், ஒரே தடவையில் அச்சை முறிக்கத் தேவையான பளுவைவிட மிகக் குறைவான பளுகூடத் திரும்பத் திரும்ப விழுந்தால் அச்சு முறியும் என்று சோதித்துக் காட்டினார். சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, அவற்றைப் பிடித்திருக்கும் தாங்கிகள் எல்லாம் இந்த வகையில் சேரும். பளு கொஞ்சம் கூடினாலும் தாங்கும் தடவைகள் பல மடங்கு குறைந்துவிடும். பிரேக், கிளட்ச் அப்படி அடுக்கு போட்டுத் தேய்வதில்லை. ரப்பர் ஹோஸ், ஒயரிங், பேட்டரி இதெல்லாம் லோடைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, வயசானால் போய்விடும். அதனால்தான் ஓடாமல் ஷெட்டில் நின்ற வண்டியும் செலவு வைக்கிறது.

ஆகவே நான் பார்க்கப் போகிற வண்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஓடினாய்?" இல்லை. "என்னத்தை ஏற்றினாய்?"

சரக்கு தெரிந்தால் பாதி வியாதி தெரிந்த மாதிரி. ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், கம்பி என்றால் பட்டை, சேஸிஸ், பின் ஹவுசிங். மீன் வண்டி என்றால் உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஒழுகி ஒழுகி அடிப்பக்கம் துரு. கோழி வண்டிக்கும் அதே கதை, எச்சத்தின் அரிப்பு தகரத்தைச் சும்மா விடாது. தண்ணீர் கேன் வண்டியை லேசாக நினைக்கக் கூடாது. 20 லிட்டர் கேன் ஐம்பது என்றால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. அப்பளம், பன், சிப்ஸ், பஞ்சு, காலி அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டிகள் பாக்கியசாலிகள். இடம் நிறையும், எடை நிறையாது. ஆனால் கடைக்குக் கடை நின்று போவதால் கிளட்ச்சும் செல்ஃப் மோட்டாரும் முதல் இரண்டு கியரும் அடிவாங்கியிருக்கும்.

விற்பவர் "லைட் லோடுதான் சார்" என்பார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஜல்லி ஏற்றிய பிக்கப்பே கிடையாதோ என்று நினைக்கும் அளவுக்கு.

வண்டியே எழுதி வைத்த பதிவு

அதிர்ஷ்டவசமாக, மீட்டரைத் திருத்துகிற அளவுக்கு லோடின் தடயத்தை யாரும் திருத்துவதில்லை. கீழே குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு என்பதால் இருக்கலாம்.

பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி எத்தனை பட்டை போட்டு அனுப்பியது என்று அதே மாடலின் ஷோரூம் வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால், லோடு தாங்கவில்லை என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். இதைவிட நேரான வாக்குமூலம் கிடையாது. சேர்த்ததைக் கழற்றிவிட்டு விற்பதும் உண்டு. அப்போது யு போல்ட்டில் மரை அளவுக்கு மீறி வெளியே நீண்டிருக்கும், அல்லது பழைய வண்டியில் யு போல்ட் மட்டும் புதிதாகப் பளபளக்கும். வெறும் வண்டியிலேயே பட்டை வளைவு இழந்து நேர்க்கோடாக நிற்கிறதா, பட்டைக்கு மேலே இருக்கும் ரப்பர் கட்டை இடிபட்டு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து சேஸிஸ். கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, பின் பட்டையைப் பிடிக்கும் தாங்கிகளின் சுற்றுவட்டாரம், இந்த இரண்டு இடங்களில்தான் விரிசலும் வெல்டிங்கும் வரும். ஒட்டுப்போட்ட தகடு இருந்தால் எனக்கு அங்கேயே விஷயம் முடிந்தது. எட்டு வயசு வண்டியின் அடிப்பக்கம் புத்தம்புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னினால், ஒரு சாவியால் ஓரத்தில் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று பேசும். துருவின் மேல் பெயின்ட் அடித்த தகடு மொத்தென்று கேட்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இருபது அடி தள்ளிப் பின்னால் நின்று டயர்களைப் பாருங்கள். இரண்டும் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தமாதிரி இருந்து, உள் ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஹவுசிங் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. நாலு டயரோடு ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். ஸ்டெப்னி வண்டி பிறந்த காலத்தது, ஓடும் நாலும் வேறு வேறு காலத்தவை என்றால் மாற்றிய வரலாறு கொஞ்சம் புரியும். 30 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் முதல் டயர்கள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால், அந்த 30 ஆயிரத்தை மறுபடி யோசிக்கணும். கிளட்ச் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருப்பதும் ஸ்டியரிங்கின் சொரசொரப்பு போயிருப்பதும் இதே கதையைச் சொல்லும்.

இனி, இந்தக் குறிப்புகளிலேயே எனக்குப் பிடித்த சோதனை. வண்டியை வெறுமையாக எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். ஆர்சியில் வெற்று எடை என்று ஒரு எண் இருக்கும். ஓட்டுபவரை இறக்கிவிட்டு, பாடியைக் காலி செய்துவிட்டு எடை போட்டு அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். டீசல், தார்ப்பாய், கயிறு, டூல்ஸ் என்று கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் நூற்றைம்பது, இருநூறு கிலோ கூடுதலாகக் காட்டினால் அவ்வளவு இரும்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடணும். சேர்த்த பட்டை, பாடிக்கு அடியில் வைத்த ஆங்கிள், தரையில் போட்ட இரண்டாவது தகடு. ஒரு சின்ன ரசீதுத் தொகையில் வண்டியின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறது. தவிர, அந்தக் கூடுதல் எடை நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய லோடிலிருந்து கழிகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சலான் பட்டியலையும் இந்தக் கண்ணோட எடுத்துப் பார்க்கலாம். பொதுவாக எல்லோரும் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஹெட்லைட், பார்க்கிங் அபராதங்கள் எனக்கு வேண்டியதில்லை. அதிக பாரம் என்று ஒன்று இருந்தால் அது தடயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்தத் தொகையைக் கட்டியவர் ஒரே ஒரு தடவை ஏற்றி, அந்த ஒரு தடவையே மாட்டினார் என்று நம்புவது கஷ்டம்.

இன்ஜின், சுருக்கமாக

இன்ஜின் பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும், அதோடு இதில் என் கையைவிட மெக்கானிக் காது மேல். கூலி கொடுத்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், அந்தப் பகுதியில் புரோக்கருக்குப் பழக்கமில்லாத ஆளாக. நான் கவனித்தவரை முக்கியம் இவைதான்.

காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்கணும். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள், வேறொரு நாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் சில நொடி வெள்ளையாகப் புகைவது இயல்பு. சூடான பிறகும் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். புஸ் புஸ்ஸென்று அடித்து வந்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள், பிஸ்டன் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரைச் சூட்டோடு திறக்காதீர்கள். ஆறிய பிறகு பார்த்தால், கலர் கூலன்ட்டுக்குப் பதில் துருத் தண்ணீர் இருக்கிறதா, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று தெரியும். கிளட்ச்சுக்கு ஒரு பழைய வழி: எதிரில் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் அணைந்துவிடணும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டி என்றால் புகைபோக்கிப் பாதையில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடைத்துக்கொண்ட வடிகட்டியைக் காலி செய்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதை லோடோடு செய்யணும். வெறும் பிக்கப்பை ரிங் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம்? கிளட்ச் வழுக்குவது, கிராஸ் தட்டுவது, மூன்றாம் கியர் தெறித்து வெளியே வருவது, மேட்டில் சூடேறுவது எல்லாம் லோடு ஏறினால்தான் வெளியே வரும். நாலைந்து மூட்டை இரவல் வாங்கி ஏற்றினால்கூடப் போதும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளர், சம்மதிக்காததன் மூலமே பதில் சொல்லிவிட்டார்.

மூன்று வண்டிகள்

தம்பியோடு நான் போய்ப் பார்த்ததில் மூன்று கடைசிவரை வந்தன.

முதலாவது ஐந்து வயசு, மீட்டரில் 61 ஆயிரம், புதுப் பெயின்ட், சீட் கவர், கேபினுக்குள் பாட்டுப் பெட்டி. தம்பிக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. "கிலோமீட்டர் கம்மிண்ணே" என்று மூன்று தடவை சொன்னான். பின்னால் இரண்டு பக்கமும் தலா இரண்டு பட்டை கூடுதல். எடை மேடையில் ஆர்சியைவிட 190 கிலோ அதிகம். பாடித் தரையின் மூலையில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைத் தூள் சிக்கியிருந்தது. விரலில் எடுத்துப் பார்த்த மெக்கானிக் "கிரஷர் தூசி தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது ஃபைனான்ஸ் யார்டில் நின்ற சீஸிங் வண்டி. விலை மற்ற இரண்டையும்விட நல்ல குறைவு. இதை எல்லோரும் லாபம் என்கிறார்கள், எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1970-ல் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகிவிடும் என்பது அதன் சாரம். சீஸிங் வண்டியில் விற்பவருக்கே வண்டியைத் தெரியாது, ஆகவே மறைப்பதும் இல்லை, அந்த அளவில் இது நேர்மையான சந்தை. ஆனால் டியூ கட்டப் பணமில்லாத ஓனர் கடைசி ஆறு மாதம் ஆயில் மாற்றியிருப்பாரா? வண்டி போகப்போகிறது என்று தெரிந்து, கிடைத்த லோடையெல்லாம் ஏற்றியிருப்பார். யார்டில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விட்டார்கள், வெளியே எடுத்து ஓட்ட விடவில்லை. கையில் ரொக்கம் இருந்து, இன்ஜின் வேலைக்கும் தனியாக எடுத்து வைத்திருப்பவர் இதைத் துணிந்து எடுக்கலாம். கடைசி ரூபாய் வரை முன்பணமாகக் கட்டுகிறவருக்கு இது சரிவராது.

மூன்றாவது ஒன்பது வயசு, 1 லட்சத்து 84 ஆயிரம் ஓடியது, பேக்கரிக்குப் பன்னும் ரஸ்க்கும் கொண்டுபோன மூடிய பாடி. பார்க்க அழுக்கு, ஒரு கதவு கீல் தொங்கியது. பட்டை எல்லாம் கம்பெனி கணக்கு, எடை மேடையில் 35 கிலோதான் கூடுதல். ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட். ஓட்டிய டிரைவர் கூடவே வந்தார், வண்டியில் என்னென்ன கோளாறு என்று அவரே சொன்னார். ஓனர் முறைத்தார். கிளட்ச் முடிகிற நிலையில் இருந்தது.

இதைத்தான் எடுத்தோம். தம்பிக்கு முழு மனசில்லை, மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கிளட்ச் செட்டின் விலையைப் பேரத்தில் குறைத்துக்கொண்டு முதல் வாரமே மாற்றினான். மூன்றாம் மாதம் செல்ஃப் மோட்டார் போனது, அது இந்த மாதிரி நின்று நின்று போன வண்டியில் எதிர்பார்த்ததுதான். பின் அச்சில் இதுவரை கை வைக்கவில்லை. ஒரு வண்டியின் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, முதல் வண்டியை வாங்கிய யாரோ ஒருவர் இன்றைக்கு நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் எந்த உறுப்பு முதலில் போகும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் அவனால் பணத்தை எடுத்து வைக்க முடிந்தது.

பழசு எடுத்ததற்கு ஒரு விலையும் இருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, எட்டு தாண்டினால் ஆண்டுதோறும். ஒவ்வொரு தடவையும் பெயின்ட், லைட், பிரேக் என்று செலவும், ஓடாத நாட்களும் உண்டு. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் விலை பேசணும். மூடிய பாடியைக் காய்கறிக்காகத் திறந்த பாடியாக மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு வாரம் போனது.

பேப்பர்

காகித வேலையை நான் கடைசியில் எழுதினாலும் செய்ய வேண்டியது முதலில். வீட்டிலிருந்தே போனில் பார்க்க முடிகிற விஷயத்துக்காக நூறு கிலோமீட்டர் போய் ஏமாறக் கூடாது. ஆர்சியில் அடமானம் காட்டினால், கடன் முடிந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். "கட்டியாச்சு சார், லெட்டர் வந்துட்டு இருக்கு" என்றால் லெட்டர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், மொத்தம் 17. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காக. எண் இருக்கும் இடத்தைச் சுற்றி உரசல், வெல்டிங் இருந்தால் வண்டியைத் தொடவே வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, மேற்பட்டால் தேவை. ஒரே பெயரில் வரும் பிக்கப்களில்கூடச் சில இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் இருக்கின்றன, ஆர்சியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "பெயர் மாற்றம் மெதுவாகப் பண்ணிக்கலாம்" என்று விடுவது நம்ம ஊர்ப் பழக்கம். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வண்டி யார் கைக்கு மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று. இதை விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களைவிட அவர் அவசரப்படுவார். பெயர் மாறினால் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தம்பி இதை இரண்டாவது நாளே முடித்தான், முதல் லோடு அதற்கு அடுத்த நாள்.